16 வோல்ட் பந்தயக் காரில் 12 வோல்ட் சாதனங்களை இணைப்பது எப்படி?

சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டியிருக்கும் எங்கள் பட்டறையில் தம்பியின் டிராக் (drag, நேர்கோட்டில் குறுந்தூரம் பாயும்) பந்தயக் காருக்கு 16 வோல்ட் பேட்டரி பொருத்தினோம். இன்ஜின் சட்டென்று பிடிக்கிறது. ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் இல்லாமலே ஓட்டம் முடியும்வரை இக்னிஷன் தளர்வதில்லை. ஆனால் மீட்டர், கேமரா எல்லாம் 12 வோல்ட் சாதனங்கள். சாதாரண பேட்டரியின் 6 செல்லில் 12.6 வோல்ட் இருக்கும். இதன் 8 செல்லில் 16.8.

ஸ்டார்ட்டரை 16 வோல்ட்டிலேயே நேரடியாக விடுங்கள். இக்னிஷன் பெட்டி எத்தனை வோல்ட் தாங்கும் என்பதைக் கையேட்டில் பாருங்கள். மற்றவற்றுக்கு வோல்ட்டைக் குறைத்துத் தரும் ஸ்டெப்-டவுன் கன்வர்ட்டர் வேண்டும். ஆறாவது செல்லிலிருந்து தனிக் கம்பி இழுப்பதை நான் ஏற்கமாட்டேன். அந்த ஆறும் வற்றும்போது மீதி இரண்டும் நிறைந்தே நிற்கும், பிறகு சார்ஜ் சீராக ஏறாது. ரெசிஸ்டரும் வேண்டாம், மின்னோட்டம் மாறினால் வோல்ட்டும் மாறும்.

தோட்ட லாரிகளுக்கு விற்கும் 24-12 கன்வர்ட்டர் கண்ணில் படும். பலவற்றுக்குக் குறைந்தது 20 வோல்ட் உள்ளே வரவேண்டும். லேபிளைப் படிக்காமல் வாங்காதீர்கள். தேவைப்படும் ஆம்பியரைப்போல் இரு மடங்கு தாங்குவதை எடுங்கள்.

நீங்கள் வாங்கியது, வெளியீட்டு வோல்ட்டைத் திருகி அளவு வைக்கும் கன்வர்ட்டர் பலகை (சர்க்யூட் போர்டு) என்றால் இங்கே நிதானியுங்கள். மீட்டரை இணைக்கும் முன்பே வெளியீட்டில் மல்டிமீட்டரை வையுங்கள். பலகையிலுள்ள சின்ன நீலப் பெட்டியின் மேலுள்ள பித்தளைத் திருகைப் பல சுற்று சுற்றியும் எண் அசையாது. பலகை அதுவரை முழு வோல்ட்டையும் அப்படியே வெளியே விடும். அசையவில்லையே, பழுது போலும் என்று நினைத்து மீட்டரை மாட்டினேன். கருகிய பிளாஸ்டிக் வாடை இரண்டு நாள் காரை விட்டுப் போகவில்லை. பொறுமையாகச் சுற்றுங்கள், எண் இறங்கத் தொடங்கும். 13.5-இல் நிறுத்தி, அதிர்வில் நகராதிருக்கத் திருகின் தலையில் ஒரு சொட்டு நகப்பூச்சு விடுங்கள்.

பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் போடுங்கள். எர்த் கம்பியைப் பெயின்ட் சுரண்டிய இரும்பில் இறுக்குங்கள்.

பிற்சேர்க்கை: ஸ்டார்ட் செய்யும்போது மீட்டர் அணைகிறது என்று கூலிமிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஸ்டார்ட்டர் இழுக்கும்போது பேட்டரி வோல்ட் சரிகிறது; இந்தக் கன்வர்ட்டரால் குறைக்க முடியுமே தவிர ஏற்ற முடியாது. வெளியீட்டை 12.5-க்கு இறக்குங்கள். அப்படியும் அணைந்தால் ஏற்றவும் இறக்கவும் வல்ல பக்-பூஸ்ட் வகையைப் பொருத்துங்கள். 12 வோல்ட் சார்ஜரால் இந்தப் பேட்டரி நிறையாது. அதற்கென்றே 16 வோல்ட் சார்ஜர் வாங்க வேண்டும்.