‘டெமோசைடு’ வந்தால் தமிழில் என்ன எழுதுவது?

மொழிபெயர்ப்புதான் என் வேலை. கட்டுரையில் ‘டெமோசைடு’ (democide, அரசே நிராயுதபாணிகளைக் கொல்வது) என்று வந்தால் முன்பெல்லாம் யோசிக்காமல் ‘இனப்படுகொலை’ என்று போட்டுவிடுவேன். கம்போடியா பற்றிய ஒரு கட்டுரையில்தான் அது தவறு என்று உறைத்தது. தலைநகர் புனோம் பென்னில் பள்ளிக்கூடமாக இருந்து சிறையான துவோல் ஸ்லெங். அங்கே அடைக்கப்பட்டவர்களின் படங்களைப் பார்த்தேன். நெஞ்சில் எண் அட்டையோடு நேராக நம்மைப் பார்க்கிறார்கள். பெரும்பாலோர் கெமர் இனத்தவர். கொன்ற கெமர் ரூஜ் (அன்று நாட்டை ஆண்ட கம்யூனிஸ்ட் இயக்கம்) ஆட்சியாளர்களும் அதே இனம். பிறகு எப்படி இனப்படுகொலை என்பது?

கிரேக்கத்தில் ‘டெமோஸ்’ என்றால் மக்கள். ‘சைடு’ லத்தீனில் கொலையைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. இன்றைய பொருளில் இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஹவாய் பல்கலைக்கழக அரசியல் அறிஞர் ஆர். ஜே. ரம்மல். சட்ட அறிஞர் ரஃபேல் லெம்கின் 1944இல் தந்த ‘ஜெனோசைடு’ (இனப்படுகொலை) ஏற்கெனவே இருந்தது. ஆனால் 1948 ஐ.நா. உடன்படிக்கை அரசியல் காரணத்துக்காகக் கொல்லப்படுவோரை அதில் சேர்க்கவில்லை. அந்த இடைவெளிக்குத்தான் இந்தச் சொல்.

சரி, எப்போது எழுதலாம்? கொன்றது அரசா, அதன் ஏவலில் இயங்கியவர்களா என்று பாருங்கள். தெரிந்தே செய்ததா, செத்தவர் நிராயுதபாணியா என்றும் பாருங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் எழுதலாம். செத்தவரின் இனம் எதுவானாலும் சரி. போரில் விழுந்த சிப்பாய் இதில் வரமாட்டார். பஞ்சம்தான் சிக்கல், அது தெரிந்தே செய்ததா என்று சொல்வது கடினம். சீனாவின் பெரும் பஞ்சத்தை ரம்மலே முதலில் சேர்க்கவில்லை, 2005இல்தான் சேர்த்தார். 20ஆம் நூற்றாண்டில் இப்படிக் கொல்லப்பட்டவர்கள் முதலில் சுமார் 17 கோடி பேர் என்றவர், பிறகு 26 கோடி என்றார். இந்த எண்கள் மிகை என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. அதனால் ‘ரம்மலின் மதிப்பீடு’ என்று சேர்க்காமல் இவற்றை எழுதவே கூடாது என்பேன்.

தமிழில் நான் ‘அரசுப் படுகொலை’ என்றே எழுதுகிறேன். முதல்முறை மட்டும் பக்கத்தில் டெமோசைடு. ஆனால் இது சட்டச் சொல் அல்ல. நீதிமன்றச் செய்தியில் தீர்ப்பில் உள்ளதையே எழுதுங்கள். கம்போடியாவில் 2018 தீர்ப்பு, வியட்நாமியர், சாம் முஸ்லிம்கள் விஷயத்தில்தான் இனப்படுகொலை என்றது. மற்றக் கொலைகள் அதில் மானுடத்துக்கு எதிரான குற்றங்கள். என் கட்டுரையிலும் எல்லாக் கொலைகளையும் இனப்படுகொலை என்ற ஒரே வாக்கியத்தை இப்படி இரண்டாகப் பிரித்தேன்.