ரோட்டார் சத்தம் என்று நினைத்து டனலின் சத்தத்தை அளக்காதீர்கள்

அரக்கோணம் பக்கம் இருப்பவர்களுக்கு அந்த 'டப் டப்' நன்றாகத் தெரியும். அங்குள்ள விமானத் தளமான ஐஎன்எஸ் ராஜாளியில்தான் கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. ஹெலிகாப்டர் மெதுவாக இறங்கும்போது, ரோட்டாரில், அதாவது மேலே சுழலும் விசிறியில், ஒரு பிளேடின் நுனி விட்டுச்சென்ற காற்றுச் சுழல் விலகிப் போவதற்குள் அடுத்த பிளேடு வந்து அதை வெட்டுகிறது. அந்த வெட்டுதான் நம் காதில் அறைகிறது.

வேலூரில் இதை விண்ட் டனலில் (காற்றை ஓடவிட்டு மாதிரிகளைச் சோதிக்கும் கூடத்தில்) அளந்து பார்க்க ஆசைப்படும் மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது: பிளேடு இல்லாமல் ஒருமுறை ஓட்டினீர்களா? பெரும்பாலும் இல்லை. பிளேடுகளைக் கழற்றிவிட்டு, ஹப்பை (பிளேடுகளைத் தாங்கும் நடுப்பகுதியை) மட்டும் அதே வேகத்தில் சுற்றவிட்டு, அதே காற்றோட்டத்தில் பதிவு செய்ய வேண்டும். ஃபேன், மோட்டார், மைக்கில் உரசும் காற்று எல்லாம் அதில் வந்துவிடும். ரோட்டாரோடு ஓட்டும்போது அளவு அதைவிட 10 டெசிபல் கூடினால் பிழை அரை டெசிபலுக்குள் நிற்கும். 3 டெசிபல்தான் கூடியது என்றால், பதிவான ஒலி ஆற்றலில் பாதி டனலுடையது.

அடுத்தது சுவர். முட்டை அட்டையோ இரண்டு அங்குல ஃபோமோ ஒட்டிவிட்டு, கை தட்டிப் பார்த்து, "எதிரொலி போயிடுச்சு சார்" என்பார்கள். கைதட்டலில் உயர் அதிர்வெண்தான் அதிகம். அதை மெல்லிய ஃபோமே விழுங்கிவிடும். ரோட்டார் அப்படியல்ல, அதன் சத்தம் தாழ்ந்த அதிர்வெண்ணிலும் இருக்கும். 2001-இல் நெதர்லாந்தின் டிஎன்டபிள்யூ என்ற பெரிய விண்ட் டனலில் நடந்த ஹார்ட்-2 என்ற ரோட்டார் சத்தச் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். 4 மீட்டர் விட்டம், 4 பிளேடு, நிமிடத்துக்கு 1041 சுற்று. அடிப்படை அதிர்வெண் சுமார் 70 ஹெர்ட்ஸ், அலைநீளம் ஏறக்குறைய 5 மீட்டர். அதை உறிஞ்ச அதில் கால்பங்கு, அதாவது ஒரு மீட்டருக்கு மேல் ஆழமுள்ள ஃபோம் ஆப்பு வேண்டும். அந்த 'டப்' சத்தம் 6-ஆவது ஹார்மோனிக்குக்கு (அடிப்படை அதிர்வெண்ணின் 6 மடங்குக்கு) மேலே இருப்பதால், அதற்கு 20 சென்டிமீட்டர் ஆழம் போதும். எதை அளக்கப் போகிறோம் என்று முடிவு செய்த பிறகு ஃபோம் வாங்குங்கள்.

ஒலிமானியில் ஏ-வெயிட்டிங்கை (மனிதக் காதுக்கு ஏற்பத் தாழ்ந்த அதிர்வெண்களைக் குறைத்துக் காட்டும் வடிகட்டியை) அணைத்துவிடுங்கள். 63 ஹெர்ட்ஸில் அது 26 டெசிபலைக் கழித்துவிடும்.

அப்புறம் நம்ம ஊர் வெயில். காலையில் 25 டிகிரியில் ஒலியின் வேகம் நொடிக்கு 346 மீட்டர். மதியம் 40 டிகிரியில் 355. ஹார்ட்-2 ரோட்டாரின் சுற்று வேகத்தை மாற்றாமல் வைத்தால் பிளேடு நுனியின் மாக் எண் (நுனி வேகத்தை ஒலியின் வேகத்தால் வகுத்த எண்) 0.63-லிருந்து 0.61-க்கு இறங்கிவிடும். சத்தம் குறைந்ததும் 'புது டிசைன் வேலை செய்கிறது' என்று சந்தோஷப்படத் தோன்றும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் டனலுக்குள் இருக்கும் வெப்பநிலையைக் குறித்து, மாக் எண் மாறாமல் இருக்கும்படி சுற்று வேகத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.