லினக்ஸ் போட மெல்லிய லேப்டாப்: காசு கொடுக்கும் முன் கடையிலேயே ஓட்டிப் பாருங்கள்

விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டமான லினக்ஸ் போட ஒன்றரைக் கிலோவுக்குள் ஒரு லேப்டாப் சொல்லுங்கள் என்று கேட்டால், பேச்சு உடனே ஐ5-ஆ ஐ7-ஆ, இல்லை ரைசனா என்று போய்விடுகிறது. அது இரண்டாம் பட்சம். 2018-க்குப் பிறகு வந்த நடுத்தர ப்ராசஸர் எதுவானாலும் பிரவுசர், லிப்ரே ஆபீஸ், கொஞ்சம் கோடிங் என்று தாராளமாக ஓடும். சிக்கல் வருவது விளம்பரத்தில் போடாத சில்லறை விஷயங்களில்: வைஃபை சிப், மூடியபின் தூங்கும் விதம், கேமரா, ஸ்பீக்கர். தடிமனான லேப்டாப் என்றால் கார்டைக் கழற்றி வேறு மாட்டிக்கொள்ளலாம். மெல்லிசில் பலவற்றில் வைஃபை சிப்பையும் ரேமையும் போர்டோடு சால்டர் செய்துவிடுகிறார்கள், வாங்கியது வாங்கியதுதான். அதனால் 8 ஜிபி ரேம் சால்டர் செய்த மாடலை விலை குறைவு என்று எடுக்காதீர்கள், 16 இல்லையென்றால் ஸ்லாட் உள்ளதாகப் பாருங்கள்.

வைஃபை இன்டெல்லாக இருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை, டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. ரைசன் லேப்டாப்புகளில் அடிக்கடி வரும் மீடியாடெக் எம்டி7921, 7922 இரண்டும் பரவாயில்லை. ரியல்டெக் 8852பிஇ என்றால் கெர்னல் 6.2 அல்லது அதற்கு மேல் உள்ள டிஸ்ட்ரோதான் (உபுண்டு, ஃபெடோரா மாதிரி லினக்ஸ் தொகுப்பு) போட வேண்டும். பிராட்காம் என்றால் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். வைஃபைக்குக்கூட மூடிய ஃபர்ம்வேர் (மூல நிரல் வெளியிடாத, சிப்புக்குள் ஓடும் மென்பொருள்) கூடாது என்று இருப்பவர்கள் உண்டு, அவர்கள் 2008-இல் வந்த லெனோவோ திங்க்பேட் எக்ஸ்200 மாதிரி பழசில், லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் பயாஸ் மென்பொருளுக்குப் பதில் லிப்ரேபூட் போட்டு ஓட்டுகிறார்கள். கொள்கைக்கு மரியாதை, ஆனால் அந்த வேகத்தில் இன்றைய இணையதளங்களைத் திறக்க நிறையப் பொறுமை வேண்டும். கொள்கைப் பிடிப்புள்ள டிஸ்ட்ரோவான டெபியனே 12-ஆம் பதிப்பிலிருந்து ஃபர்ம்வேரை இன்ஸ்டாலரோடு சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டது.

அடுத்தது தூக்கம், லினக்ஸ்காரர்கள் அதிகம் புலம்புவது இதைப் பற்றித்தான். பழைய முறை எஸ்3: ரேமுக்கு மட்டும் கொஞ்சம் கரண்ட் போகும், மற்றதெல்லாம் அணைந்துவிடும், ராத்திரி மூடி வைத்தால் காலையில் பேட்டரி கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். புதிய முறையில் லேப்டாப் போன் மாதிரி அரைத் தூக்கத்தில் கிடக்கிறது. இன்டெல் 11-ஆம் தலைமுறை வந்ததிலிருந்து பல மாடல்களில் எஸ்3-யையே எடுத்துவிட்டார்கள். புதிய முறை ஒழுங்காக வேலை செய்தால் நல்லதுதான், ஆனால் உள்ளே ஏதாவது ஒரு சிப் தூங்க மறுத்தால் பையில் வைத்த லேப்டாப் சூடாகி, பேட்டரி தீர்ந்து நிற்கும். எந்த மாடலில் எப்படி என்பது ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

கேமராவில் ஒரு பொறி இருக்கிறது. இன்டெல் 12-ஆம் தலைமுறையிலிருந்து விலை உயர்ந்த சில மெல்லிய மாடல்களில், டெல் எக்ஸ்பிஎஸ் 13 பிளஸ் மாதிரி, வழக்கமான யுஎஸ்பி கேமராவுக்குப் பதில் ப்ராசஸரோடு நேராக இணையும் மிப்பி வகை கேமராவை வைத்தார்கள். அதற்கான டிரைவர் கெர்னல் 6.10-இல்தான் நுழைந்தது, அதற்கு மேலும் சில அடுக்குகள் சரியாக அமைய வேண்டும். வீடியோ மீட்டிங் அடிக்கடி இருப்பவர்கள் யுஎஸ்பி கேமரா உள்ளதையே தேடுங்கள். கைரேகை சென்சார் வேலை செய்தால் லாபம், இல்லாவிட்டால் பாஸ்வேர்டு இருக்கிறது, அதற்காக ஒரு நல்ல மாடலை ஒதுக்க வேண்டாம்.

சரி, எதைத்தான் வாங்குவது? என் ஓட்டு பழசுக்குத்தான். கம்பெனிகள் மூன்று நாலு வருஷம் லீஸில் ஓட்டிவிட்டுக் கழிக்கும் லேப்டாப்புகள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களில் குவிந்து கிடக்கின்றன, அவற்றில் இன்டெல் 8-ஆம் தலைமுறை ஐ5-8250யு, 8350யு உள்ளவற்றைத் தேடுங்கள். முந்தின தலைமுறை ஐ5-7200யு-வில் இரண்டு கோர்தான், இதில் நாலு. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரோடு ஆதரவு நின்றுவிட்டதாலும், 7-ஆம் தலைமுறையில் ஏறக்குறைய எதுவும் விண்டோஸ் 11-க்குத் தேறாததாலும் கடைக்காரர் அவற்றைத் தள்ளிவிடத்தான் பார்ப்பார், நாலு காசு மிச்சம் என்று விழாதீர்கள்.

மாடலாகச் சொன்னால் திங்க்பேட் டி480எஸ், சுமார் 1.3 கிலோ, பாதி ரேம் சால்டர் என்றாலும் ஒரு ஸ்லாட் இருக்கும். எச்பி எலைட்புக் 830 ஜி5 அதே எடைதான், இதில் இரண்டு ரேம் ஸ்லாட். இன்னும் லேசாக வேண்டும் என்றால் எக்ஸ்1 கார்பன் 6-ஆம் தலைமுறை, 1.13 கிலோ, ரேம் முழுக்க சால்டர். இந்த கார்பன் 2018-இல் வந்தபோது எஸ்3 இல்லாமல் வந்தது, லினக்ஸ்காரர்கள் போட்ட கூச்சலில் லெனோவோ பயாஸ் அப்டேட்டில் தூக்க முறைக்கு "லினக்ஸ்" என்றே ஒரு தேர்வைச் சேர்த்தது. வாங்கினால் முதல் வேலையாக அதை மாற்றுங்கள். அந்தக் காலத் திங்க்பேட்களில் தண்டர்போல்ட் (யுஎஸ்பி-சி போர்ட் வழியாக ஓடும் அதிவேக இணைப்பு) ஃபர்ம்வேரில் ஒரு பிழை இருந்து, அப்டேட் செய்யாதவற்றில் யுஎஸ்பி-சி போர்ட் செத்துப்போனது. சார்ஜ் ஏறுவதும் அதே போர்ட் வழியாகத்தான் என்பதால் ஒவ்வொரு போர்ட்டிலும் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். அப்புறம் ஸ்கிரீன்: அந்தக் காலத்து லேப்டாப்புகள் சிலவற்றில் 1366×768 பேனலும் வந்தது, 1920×1080 என்று உறுதி செய்துகொண்டு பேசுங்கள்.

புதுசுதான் வேண்டும் என்றால், சந்தைக்கு வந்து ஒரு வருஷமாவது ஆன மாடலை எடுத்துப் புதிய கெர்னல் உள்ள டிஸ்ட்ரோவைப் போடுங்கள், ஃபெடோராவோ, கெர்னல் 6.12 உள்ள டெபியன் 13-ஓ. உபுண்டு தளத்தில் சோதித்துச் சான்றளித்த லேப்டாப் பட்டியல் இருக்கிறது, ஆர்ச் லினக்ஸின் விக்கி தளத்தில் பல மாடல்களுக்குத் தனிப் பக்கமே உண்டு, எது வேலை செய்யும் எது செய்யாது என்று அட்டவணையே போட்டிருப்பார்கள். மெல்லிய லேப்டாப்பில் என்விடியா கார்டு தேவையில்லை, சூடும் டிரைவர் தலைவலியும்தான் மிச்சம். போன் சிப் வகையைச் சேர்ந்த ஸ்னாப்டிராகன் எக்ஸ் ப்ராசஸர் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள். லினக்ஸ் லேப்டாப் விற்பதையே தொழிலாக வைத்திருக்கும் ஜெர்மனியின் டக்சிடோவே அதில் ஒன்றைக் கொண்டுவர முயன்று 2025 நவம்பரில் கைவிட்டது. மேக்புக் ஏர் என்றால் எம்1, எம்2 சிப் உள்ளவை மட்டும், அதுவும் ஆப்பிள் சிப்புகளுக்கென்றே உருவாக்கிய அசாஹி லினக்ஸ் வழியாக.

இனி கடைக்குப் போகும்போது ஃபெடோரா அல்லது உபுண்டுவை எழுதிய ஒரு பென்டிரைவ் எடுத்துப் போங்கள், இவை இரண்டும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பை (அங்கீகரித்த சிஸ்டத்தை மட்டும் தொடங்க விடுவது) அணைக்காமலே எழும்பும். முதலில் பயாஸுக்குள் நுழையுங்கள்: திங்க்பேடில் எஃப்1, டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10. பாஸ்வேர்டு கேட்டால் பழைய கம்பெனி போட்ட பூட்டை இன்னும் எடுக்கவில்லை என்று அர்த்தம், "அப்புறம் எடுத்துத் தருகிறேன்" என்பார் கடைக்காரர், நம்பாதீர்கள். பிறகு எஃப்12, எச்பியில் எஃப்9, அழுத்திப் பென்டிரைவிலிருந்து பூட் செய்யுங்கள். வைஃபையை உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணையுங்கள், ஒரு பாட்டை ஸ்பீக்கரில் போடுங்கள், கேமராவைத் திறங்கள், டச்பேடில் இரண்டு விரலால் உருட்டுங்கள், வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் பட்டன்களைத் தட்டுங்கள். மூடியைச் சாத்தி டீ குடித்துவிட்டு வந்து திறந்தால் உடனே எழும்ப வேண்டும், அடிப்பக்கம் சில்லென்று இருக்க வேண்டும். பவர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் செயலி இருந்தால் அதில் பேட்டரி புதிதாக இருந்தபோது எவ்வளவு பிடித்தது, இப்போது எவ்வளவு என்று தெரியும், 70 சதவீதத்துக்குக் கீழே என்றால் புது பேட்டரி விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். இத்தனையும் செய்து பார்க்க விடாத கடைக்காரர் என்றால் பக்கத்துக் கடை இருக்கிறது.

வீட்டுக்கு வந்து இன்ஸ்டால் செய்யும்போது எஸ்எஸ்டியே தெரியவில்லை என்றால் பயப்படாதீர்கள், பெரும்பாலும் பயாஸில் ஸ்டோரேஜ் முறை ரெய்டு என்று இருக்கும், ஏஎச்சிஐ என்று மாற்றினால் வந்துவிடும். விண்டோஸையும் கூடவே வைத்திருக்க நினைப்பவர்கள் மட்டும் மாற்றும் முன் நிதானியுங்கள், விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் போட்டிருந்து அதன் சாவி கையில் இல்லாவிட்டால் உள்ளே போக முடியாமல் போகலாம். கடைசியாக, எப்போதும் சார்ஜரிலேயே போட்டு வேலை செய்பவர் என்றால் உபுண்டு, ஃபெடோராவில் வரும் க்னோம் டெஸ்க்டாப்பின் 48-ஆம் பதிப்பு முதல் செட்டிங்ஸிலேயே பேட்டரியை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருக்கிறது, திங்க்பேட் மாதிரி அதை ஏற்கும் லேப்டாப்பில் மட்டும் கண்ணில் படும்.