மௌரோ பிகொன்செட்டியின் தொழில்வாழ்வை நடன மாணவர் படிக்கும் முறை

திருகோணமலையில் பரதம் பயிலும் மாணவர் சிலர், அரங்கேற்றம் முடிந்து ஓரிரு ஆண்டுகளில், ஆசிரியர் சொல்லித்தந்த உருப்படிகளோடு நின்றுவிடாமல் தாமே ஒன்றை அமைத்துப் பார்க்கும் ஆசையோடு வருகிறார்கள். அவர்களிடம், வேறொரு மரபில் ஆடி வளர்ந்து பின்னர் நடன அமைப்பாளரான ஒருவரின் தொழில்வாழ்வை ஒரு தவணை முழுவதும் படிக்கும்படி சொல்வது என் வழக்கம். இத்தாலியரான மௌரோ பிகொன்செட்டியைத் தெரிவு செய்த ஒரு மாணவி, முப்பது படைப்புகளின் பெயர்களை அழகாக எழுதிய கோப்பு ஒன்றைக் கொண்டுவந்தாள். “இவற்றில் ஏதாவது ஒன்றில் முதலில் மேடைக்கு வருபவர் என்ன செய்கிறார்?” என்று கேட்டேன். பதில் வரவில்லை. அத்தகைய கோப்பு இன்னொன்று உருவாகாமல் இருக்கவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு நீளத் தாளை எடுத்து நடுவே கோடிட்டு, இடப்பக்கத்தில் அவர் எங்கே, யாரோடு வேலை செய்தார் என்பதையும் வலப்பக்கத்தில் என்ன அமைத்தார் என்பதையும் ஆண்டு வரிசையில் எழுதுங்கள். அவர் 1960இல் ரோமில் பிறந்து, அந்நகர இசைநாடக அரங்கின் பாலே பள்ளியில் பயின்று, அதே அரங்கின் குழுவில் ஆடியவர். 1980களின் தொடக்கத்தில் ரெஜ்ஜோ எமிலியா நகரின் அத்தெர்பலெத்தோ குழுவில் சேர்ந்தார். 1990இல் பாஹ்கின் இசைக்கு முதற் படைப்பை அமைத்தார். 1993இல் குழுவை விட்டுத் தனித்து இயங்கினார். 1997இல் அதே குழுவுக்குக் கலை இயக்குநராகத் திரும்பிவந்து 2007 வரை அப்பொறுப்பிலும், அதன்பின் சில ஆண்டுகள் அதன் முதன்மை நடன அமைப்பாளராகவும் இருந்தார். மிலான் நகரின் லா ஸ்காலா பாலே குழுவின் இயக்குநர் பதவியை 2016இல் ஏற்று, அதே ஆண்டிலேயே உடல்நலக் காரணத்தால் விலகியதையும் ஒரு வரியில் குறித்துவிட்டு நகருங்கள்.

எழுதி முடித்ததும் 1990க்கு மேலே வலப்பக்கம் வெறுமையாகக் கிடப்பதைக் கவனியுங்கள். இந்தத் தாளில் மிகவும் பெறுமதியான இடம் அதுதான் என்பது என் எண்ணம். அந்த ஆண்டுகளில் அமதேயோ அமோதியோவின் இயக்கத்தின் கீழ் இருந்த அந்தக் குழுவில், அமெரிக்க நடன அமைப்பாளர்களான அல்வின் எய்லி, வில்லியம் ஃபோர்சைத் போன்றோரின் படைப்புகளைத் தன் உடம்பால் அறிந்துகொண்டிருந்தார். நம் கிழக்கில் பல கூத்துகளில் ஆடி, எல்லாப் பாத்திரங்களின் வரவும் ஆட்டமும் மனப்பாடமான பிறகே ஒருவர் கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாராவதை நினைத்தால் இது விளங்கும். இடப்பக்கத்து எய்லி என்ற பெயரிலிருந்து வலப்பக்கத்து 2008க்கு ஓர் அம்புக்குறி இடுங்கள்: அந்த ஆண்டில் எய்லியின் அமெரிக்கக் குழுவுக்காகவே, ஹெண்டலின் இசையில், ‘ஃபெஸ்தா பரொக்கா’வை அவர் அமைத்தார். இப்படியான அம்புகள் இல்லாத தாள் வெறும் பட்டியல்தான்.

அடுத்ததாக, மூன்று படைப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுங்கள். துறைமுகப் பட்டினத்தில் வாழும் நமக்கு நான் சொல்லுபவை, மத்தியதரைக் கடலின் பல கரைகளது இசையையும் சேர்த்து 1993இல் அமைத்த ‘மெதித்தெரானேயா’, தென்னித்தாலிய நாட்டார் பாடல்களில் அமைந்த ‘கந்தாத்தா’, 2008இல் நியூயோர்க் சிட்டி பாலேக்காக அமைத்த ‘ஓல்த்ரெமாரே’ ஆகியவை. கடைசிப் பெயருக்குக் கடலுக்கு அப்பால் என்று பொருள்.

பார்க்கும்போது நடனக் குழுக்கள் தாமே வெளியிட்ட காட்சித்துண்டுகளைப் பாருங்கள். மூன்று நிமிடம் போதும், கைபேசித் திரையும் போதும். முதன்முறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாதங்களை மட்டும் பாருங்கள், பின்னர் முதுகுகளை, பின்னர், எல்லோரும் அசையும்போது அசையாமல் நிற்பவரை. நான்காவது முறைதான் இசையோடு பார்க்க வேண்டும். பாலேயிலும் நம் அரைமண்டியைப் போல முழங்கால்கள் பக்கவாட்டில் விரிகின்றன; ஆனால் நாம் அந்த நிலையிலேயே இருந்து ஆடுகிறோம், அவர்களோ அதை மேலெழுவதற்கான வழியாகக் கொள்கிறார்கள். பிகொன்செட்டியின் ஆடலர்கள் அப்படி எழுந்த பிறகும் உடற்பாரத்தை மறைப்பதில்லை: இடுப்பு வளைகிறது, முதுகு குனிகிறது, ஒருவர் பாரம் மற்றவர் மேல் வெளிப்படையாகவே விழுகிறது.

‘கந்தாத்தா’வில் அதிக நேரம் செலவிடுங்கள். பாடும் பெண்கள் திரைக்குப் பின்னாலோ மேடைக்கு முன் வாத்தியக்காரர் அமரும் பள்ளத்திலோ இல்லை. அக்கோடியனும் கைப்பறையுமாக மேடையிலேயே, ஆடுபவர்களுக்கு நடுவே நிற்கிறார்கள். நம் மேடையில் தாளம் தட்டி ஆட்டத்தை நடத்தும் நட்டுவாங்கம் ஓரமாக அமர்ந்திருப்பதை எண்ணிக்கொண்டு இந்தப் பயிற்சியைச் செய்யுங்கள். உங்கள் அம்மம்மாவுக்குத் தெரிந்த தாலாட்டு ஒன்றைக் கேட்டெழுதி, அதில் நான்கு வரியை எடுத்து, தினமும் உங்களோடு பயிலும் இருவரைச் சேர்த்துக்கொண்டு, ஆதி தாளத்தில் நான்கு ஆவர்த்தனத்துக்கு, அதாவது நான்கு தாளச் சுற்றுக்கு, ஓர் அமைப்புச் செய்யுங்கள். பாடுபவர் உங்கள் மூவருக்கும் இடையே நடந்தபடி பாட வேண்டும். கை முத்திரை எதுவும் வேண்டாம். குழந்தையைக் காட்டும் அபிநயமும் வேண்டாம். இந்தத் தடை முதல் நாள் எரிச்சலைத் தரும், இரண்டாம் நாள் தோள்கள் வேலை செய்யத் தொடங்கும்.

ஒருவரை ஒருவர் தூக்கும் அசைவுகளை மட்டும் பார்த்துச் செய்யாதீர்கள். பாலே குழுக்கள் பயிலும் தரை அடியில் நெகிழ்வு கொடுத்து அமைத்த மரத்தரை. நாம் பயில்வது சீமெந்திலும் மாபிளிலும். முதுகோடு முதுகு சாய்ந்து ஒருவர் பாரத்தை மற்றவர் வாங்கிப் பழகுவதே இப்போதைக்குப் போதும்.

‘ஓல்த்ரெமாரே’யில், ஊரைவிட்டுப் புறப்பட்டவர்கள் பெட்டி படுக்கைகளோடு வருகிறார்கள். இதைப் பார்க்கும் மாணவர்கள் உடனே ஒரு பழைய தோற்பெட்டியைத் தேடத் தொடங்குவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அது இத்தாலியரின் பெட்டி. நம் தெருக்களில் வந்து இறங்கியவை, நைலோன் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, மார்க்கர் பேனையால் பெயரும் ஊரும் பெரிதாக எழுதிய காட்போட் பெட்டிகள். அந்தக் கயிற்றை அவிழ்க்கும் விரல்களைப் பார்த்தவருக்கு ஓர் அசைவு கிடைத்துவிட்டது.

வலப்பக்கத்தில் இன்னொரு பெயரைச் சிவப்பு மையால் எழுதுங்கள்: புருனோ மொரெத்தி. நியூயோர்க் சிட்டி பாலேக்காகப் பிகொன்செட்டி அமைத்த ‘வெஸ்ப்ரோ’ (2002), ‘இன் வெந்தோ’ (2006), ‘ஓல்த்ரெமாரே’ (2008), ‘லூச்சே நஸ்கோஸ்தா’ (2010) ஆகிய நான்குக்கும் இசை இவருடையதே. பேர்லினில் 2008இல் அரங்கேறிய ‘கரவாஜ்ஜோ’வுக்கு மொந்தெவெர்தியின் இசையைத் தழுவி எழுதியவரும் இவரே. ஒரே இசையமைப்பாளரோடு திரும்பத் திரும்ப வேலை செய்யும்போது பாதிப் பேச்சு தேவையில்லாமல் போகும். ஆகவே உங்களுக்கு மிருதங்கம் வாசிக்கும் நண்பர் ஒருவர் இருந்தால், நிகழ்ச்சிக்கு முதல் நாள் அல்லாமல், முதல் ஒத்திகையிலிருந்தே அவரை அழையுங்கள்.

தவணை முடிவில் இரண்டு பக்கக் கட்டுரையை வாங்கிக்கொள்வேன். ஆனால் அதை வாசிப்பதற்கு முன் அந்த நான்கு ஆவர்த்தனத்தை ஆடிக் காட்டச் சொல்வேன். ஆடி முடித்ததும் நீளத் தாளைத் திருப்பி, பின்பக்கத்திலும் நடுவே ஒரு கோடிட்டு, இடப்பக்கத்தில் உங்களோடு ஆடியவர்கள், பாடியவர் ஆகியோரின் பெயர்களையும், வலப்பக்கத்தில் தாலாட்டின் முதல் அடியையும் திகதியையும் எழுதி வையுங்கள்.