வாங்கும் முன் கீழே உருட்டிப் பாருங்கள்: கணினிக்கு விளையாட்டு கேம் தேடுவோர் செய்யும் தவறுகள்

மதுரையில் கணினி சேர்த்துக் கொடுப்பதும் பழுதுபார்ப்பதும் என் தொழில். புதுக் கணினியோடு வீட்டுக்குப் போகும் இளைஞர்களில் பாதிப் பேர் ஒரு வாரத்துக்குள் மறுபடி அழைப்பார்கள். கிரிக்கெட், கால்பந்து, கார் பந்தயம் என்று எதை வாங்குவது, எங்கே வாங்குவது என்ற கேள்விதான். கேட்டுவிட்டு வாங்குபவர்கள் குறைவு. வாங்கிவிட்டுக் கேட்பவர்களே அதிகம். என் வயதுக்காரர்கள் அந்தக் காலத்தில் பணத்தைத் தொலைத்த அதே இடங்களில் இந்தப் பிள்ளைகளும் தொலைக்கிறார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

கிராபிக்ஸ் கார்டு போதுமா, டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

வெளியான அன்றே முழு விலை கொடுப்பது

விளையாட்டு கேம்களில் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒரு முறை புதுப் பெயரோடு வருகின்றன. ஈஏ நிறுவனத்தின் கால்பந்து கேமான ‘ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி’ செப்டம்பர் இறுதியில் வரும். நவம்பர் இறுதித் தள்ளுபடியில் அதன் விலை பாதி அளவுக்கு இறங்கியதுண்டு. அடுத்த கோடைக்குள் அதே நிறுவனத்தின் ‘ஈஏ ப்ளே’ சந்தாவிலேயே சேர்ந்துவிடுவதும் வழக்கமாகிவிட்டது. நண்பர்களோடு முதல் வாரத்திலிருந்தே ஆன்லைனில் மோத வேண்டும் என்பவர் முழு விலை கொடுப்பதில் நியாயம் உண்டு. வீட்டில் தனியாக உட்கார்ந்து ஒரு கிளப்பை எடுத்து நான்கைந்து சீசன் ஆடப்போகிறவர் ஏன் கொடுக்க வேண்டும்? பொறுக்க முடியவில்லை என்றால் ஒரு மாதச் சந்தா கட்டுங்கள். புதிய கேமைப் பத்து மணி நேரம் ஆடிப் பார்க்க அதில் வசதி இருக்கிறது. பத்து மணி நேரம் ஆடியபிறகும் ஆசை குறையவில்லை என்றால் தாராளமாக வாங்கலாம்.

பெயரைப் பார்த்துவிட்டுப் பதிப்பைப் பாராமல் விடுவது

எனக்கு இன்றும் ஆத்திரம் வருவது இந்தத் தவறைப் பார்க்கும்போதுதான். இதில் போகும் பணம் பெரும்பாலும் திரும்புவதில்லை. ஒரு நிமிடம் ஒதுக்கிப் பக்கத்தைக் கீழே உருட்டிப் பார்த்திருந்தால் போயிருக்கவும் போகாது.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பையன் ஒருவன் அப்பாவோடு கடைக்கு வந்தான். ‘யுஎஃப்சி 5’ என்ற சண்டை கேமின் கீயை, அதாவது கேமைத் திறக்கும் குறியீட்டை, ஏதோ ஒரு தளத்தில் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கியிருக்கிறான். கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் செயலியில் அடித்தால் ஏற்கவில்லை. கணினியில்தான் கோளாறு என்று நினைத்து, கேபினெட்டைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். கீயைக் காட்டச் சொன்னேன். ஐந்தைந்து எழுத்துகளாக ஐந்து தொகுதி, மொத்தம் 25 எழுத்து. ஸ்டீம் கீ பெரும்பாலும் மூன்று தொகுதிதான், 15 எழுத்து. பார்த்த உடனே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. விற்ற தளத்தின் பக்கத்தைக் கைபேசியில் திறந்தோம். கேமின் பெயர் பெரிதாக இருந்தது. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில், விரலால் பெரிதாக்கினால்தான் படிக்க முடிகிற அளவில், எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் என்று இருந்தது. அது டிவியில் இணைத்து ஆடும் மைக்ரோசாஃப்டின் தனிக் கருவி, கணினி அல்ல. அதற்கும் கீழே, கீயைத் திறந்து பார்த்துவிட்டால் பணம் திருப்பித் தரப்படாது என்ற நிபந்தனை.

“வேறு ஏதாவது வழியில் போட முடியுமா அண்ணே?” என்று கேட்டான். முடியாது. அந்த கேம் 2023 அக்டோபரில் பிளேஸ்டேஷன் 5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸுக்கும் மட்டுமே வெளிவந்தது. கணினிக்கென்று ஒரு பதிப்பு செய்யப்படவே இல்லை. கணினியில் கோளாறு இல்லை என்று அவன் அப்பாவுக்குப் புரியவைக்கவே அரை மணி நேரம் பிடித்தது.

இவன் ஒருவன் மட்டுமல்ல. கணினி கேம் என்று தேடினாலும் தேடல் பக்கம் எல்லாக் கருவிகளுக்குமான கேம்களையும் கலந்துகட்டிக் காட்டுகிறது. எந்தத் தொடர் கணினிக்கு வரும், எது வராது என்பதற்கு ஒரே விதி கிடையாது. ஒரே நிறுவனத்தின் தொடர்களே ஒன்றுபோல் இருப்பதில்லை. ஈஏ நிறுவனத்தின் கால்பந்து கேமும் எஃப்1 கேமும் கணினிக்கு வருகின்றன. அதே நிறுவனத்தின் ஐஸ் ஹாக்கித் தொடரான ‘என்எச்எல்’, 2008-ல் வந்த ‘என்எச்எல் 09’-ஓடு கணினியை விட்டுப் போய்விட்டது. அமெரிக்கக் கால்பந்துத் தொடரான ‘மேடன்’, ‘மேடன் 08’-க்குப் பிறகு காணாமல் போய், பதினோரு ஆண்டு கழித்து ‘மேடன் 19’-ல்தான் திரும்பியது. 2024-ல் பெரும் வரவேற்போடு வந்த ‘காலேஜ் ஃபுட்பால் 25’ கணினிக்கு வரவில்லை. சோனியின் பேஸ்பால் தொடரான ‘எம்எல்பி தி ஷோ’ 2021-ல் எக்ஸ்பாக்ஸுக்கும் 2022-ல் நின்டெண்டோ ஸ்விட்சுக்கும் போனது. கணினிப் பக்கம் தலைகாட்டவில்லை. பேஸ்பால் ஆட ஆசைப்படுபவருக்குக் கணினியில் ‘சூப்பர் மெகா பேஸ்பால்’ இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. குத்துச்சண்டைக்கு ‘அன்டிஸ்ப்யூட்டட்’ இருக்கிறது. கிடைக்காததைத் தேடி அலைகிறவர்களின் கண்ணில் இவை படுவதே இல்லை.

இதைவிட நுட்பமான ஏமாற்றம் ஒன்று உண்டு. கேம் கணினிக்கு வந்திருக்கும், ஆனால் டிரெய்லரில் பார்த்தது அதுவாக இருக்காது. கூடைப்பந்து கேமான ‘என்பிஏ 2கே’-யில், ‘2கே21’ முதல் ‘2கே24’ வரை நான்கு ஆண்டுகள் கணினிக்குக் கிடைத்தது பழைய தலைமுறைப் பதிப்புதான். பெயர் என்னவோ அதே பெயர்தான். பிளேஸ்டேஷன் 5-ல் ஆட்டக்காரர்கள் சுற்றித் திரியும் நகரம் கணினியில் இல்லை, பெண்கள் கூடைப்பந்துக்கான தனிப் பிரிவு இல்லை, உடலசைவுகளும் பழையவை. 2024 செப்டம்பரில் வந்த ‘2கே25’-ல்தான் கணினிக்காரர்களுக்குப் புதிய பதிப்பு கிடைத்தது. கால்பந்திலும் இதே கதைதான். இன்றைய ‘எஃப்சி’ தொடரின் பழைய பெயர் ‘ஃபிஃபா’. ‘ஃபிஃபா 22’ விளம்பரங்களில், வீரர்களின் அசைவை நிஜம்போல் காட்டும் ‘ஹைப்பர்மோஷன்’ என்று ஓயாமல் முழங்கினார்கள். கணினிப் பதிப்பில் அது கிடையாது. ‘ஃபிஃபா 23’ வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி, குறைந்தபட்சத் தேவைகளைப் படிப்பது. உங்கள் கணினியில் ஓடுமா என்று பார்க்க மட்டும் அதைப் படிக்காதீர்கள். கேம் எவ்வளவு பழையது என்று பார்க்கவும் படியுங்கள். 2023-ல் வந்த ‘2கே24’-க்கு இன்டெல் ஐ3-2100 செயலி போதும் என்று போட்டிருந்தார்கள். அது 2011-ல் வந்த செயலி! பிளேஸ்டேஷன் 5-ல் ஓடும் கேம் அதில் ஓடுமா என்று ஒரு கணம் யோசித்தாலே விடை கிடைத்துவிடும். அடுத்த ஆண்டு ‘2கே25’-ல் அது ஐ3-9100 ஆனது, டிஸ்க்கில் 150 ஜிபி கேட்டது. எண்கள் இப்படிச் சட்டென்று ஏறினால் கேம் உண்மையிலேயே மாறியிருக்கிறது என்று பொருள்.

எனவே முதலில் கேமின் பெயரை ஸ்டீமிலோ எபிக் கடையிலோ தேடுங்கள். அங்கே இல்லை என்றால் தயாரிப்பாளரின் சொந்தத் தளத்தில் எந்தெந்தக் கருவிகளுக்கு என்று போட்டிருப்பதைப் பாருங்கள். அங்கும் கணினி இல்லை என்றால், வேறு யார் விற்றாலும் அது உங்களுக்கான கீ அல்ல. கார் பந்தயத் தொடரான ‘ஃபோர்ஸா’ போன்ற சில மைக்ரோசாஃப்ட் கேம்களில் ஒரு முறை வாங்கியது எக்ஸ்பாக்ஸிலும் கணினியிலும் செல்லும் என்பது உண்மைதான். அதை வைத்து எல்லா எக்ஸ்பாக்ஸ் கீயும் அப்படித்தான் என்று சொல்லி விற்பவர்களை நம்பாதீர்கள். டிரெய்லரை மறந்துவிட்டு, கணினியில் ஆடியவர் பதிவேற்றிய முழு ஆட்டம் ஒன்றையாவது பாருங்கள்.

கன்ட்ரோலர் இல்லாமல் ஆடுவது

கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் கீபோர்டு போதாது. கேமுக்கு முன் கன்ட்ரோலரை வாங்குங்கள்.

பழைய ‘கிரிக்கெட் 07’-ஐப் புதிய பெயரில் பதிவிறக்குவது

நம் ஊரில் இதில் மாட்டாத தெருவே கிடையாது. ஈஏ நிறுவனம் 2006 இறுதியில் வெளியிட்ட ‘கிரிக்கெட் 07’-க்குப் பிறகு கிரிக்கெட்டையே கைவிட்டுவிட்டது. ஆனால் ரசிகர்கள் அந்த கேமை விடவில்லை. புதிய சீருடை, புதிய முகம், புதிய அணிப் பட்டியல் என்று பேட்ச் செய்து இத்தனை ஆண்டுகளாக உயிரோடு வைத்திருக்கிறார்கள். அவர்களின் உழைப்பின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. தொல்லை, அதை அள்ளி எடுத்து இந்த ஆண்டின் எண்ணை ஒட்டி ‘புதிய கேம்’ என்று பரப்புபவர்களால். பழைய வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தது போலத்தான். உள்ளே பந்து எழும்பும் விதம்கூட மாறியிருக்காது. சந்தேகம் வந்தால் வர்ணனையைக் கேளுங்கள். ரிச்சி பெனோ பேசுகிறார் என்றால் அது 07 தான். அவர் 2015-ல் காலமாகிவிட்டார். இந்தத் தொகுப்புகளில் பல, ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டுத்தான் நிறுவ வேண்டும் என்று கேட்கும். அப்படிக் கேட்டால் அந்த இடத்திலேயே மூடிவிடுங்கள். வைரஸ் புகுந்து கடைக்கு வரும் கணினிகளில் நான் முதலில் தேடுவதே கிரிக்கெட் கோப்புறையைத்தான்.

கணினியில் இன்றைய கிரிக்கெட் வேண்டுமென்றால் மெல்போர்னில் இயங்கும் பிக் ஆன்ட் நிறுவனத்தின் பக்கம் போங்கள். ‘கிரிக்கெட் 22’, ‘கிரிக்கெட் 24’ இரண்டும் அவர்களுடையவை. வாங்கும் முன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். இவற்றில் இந்திய தேசிய அணிக்கு உரிமம் கிடையாது. திறந்ததும் நம் அணியில் யாரோ பெயர் தெரியாதவர்கள் நிற்பதைப் பார்த்து, போலிக் கேம் என்று நினைத்து அழித்தவர்கள் உண்டு. போலி அல்ல. உள்ளேயே ‘அகாடமி’ என்ற பகுதி இருக்கிறது. ரசிகர்கள் உருவாக்கிப் பகிர்ந்த அணிகளை அங்கிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். ‘ரியல் கிரிக்கெட் 24’ என்பது வேறு, கைபேசி கேம். பெயரும் எண்ணும் ஒட்டி இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

அட்டைகளுக்குக் காசு கொட்டுவது

வீரர் அட்டைகளைச் சேர்த்து அணி அமைக்கும் ஈஏ கேம்களின் ‘அல்டிமேட் டீம்’ பிரிவில், அந்த அட்டைகள் அடங்கிய பொதிகளைப் பணம் கொடுத்து வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. நீங்கள் சேர்த்த அணி அடுத்த ஆண்டு கேமுக்கு வராது; மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-ல் இத்தகைய பொதிகளைச் சூதாட்டம் என்றே வகைப்படுத்தியது. மறு ஆண்டு தொடக்கத்தில் ஈஏ அந்த நாட்டில் பொதி வாங்க உதவும் ஃபிஃபா பாயின்ட் விற்பனையை நிறுத்திக்கொண்டது. வீட்டில் சிறுவர்கள் ஆடும் கணினியில் யுபிஐ, கார்டு விவரங்களைச் சேமித்து வைக்காதீர்கள்.

மதிப்பீட்டு விழுக்காட்டை மட்டும் பார்ப்பது

ஸ்டீமில் விழுக்காடு குறைவாக இருந்தால், அது பெரும்பாலும் ஆன்லைனில் ஆடுபவர்களின் கோபம். நீங்கள் ஆடப்போகும் பிரிவைப் பற்றி எழுதியிருப்பதைத் தேடிப் படியுங்கள்.

காத்துக்கொண்டே இருப்பது

விலை இறங்கட்டும் என்று மேலே சொன்னேன். அதற்காக ஐந்து ஆண்டு காத்திருந்தால் கேமே இருக்காது. அணிகள், லீக்குகள், கார்கள், பாடல்கள் எல்லாவற்றுக்கும் உரிமக் காலம் உண்டு. அது முடிந்ததும் கடையிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஈஏ - ஃபிஃபா பெயர் ஒப்பந்தம் முறிந்தபின், 2023 செப்டம்பரில் பழைய ஃபிஃபா கேம்கள் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டன. ‘ஃபோர்ஸா ஹொரைசன் 4’ 2024 டிசம்பர் 15-ஆம் தேதியோடு கடையை விட்டுப் போனது. முன்பே வாங்கியவர்கள் இன்றும் இறக்கிக்கொள்ளலாம். புதியவர்களுக்கு வழி இல்லை. ‘என்பிஏ 2கே’ தொடரில் இரண்டு ஆண்டு சொச்சத்தில் சர்வரையும் நிறுத்திவிடுவார்கள், அதை நம்பியிருந்த பிரிவுகள் அத்தோடு போய்விடும். வெளியான ஆண்டின் நவம்பருக்கும் அடுத்த கோடைக்கும் இடையில் வாங்குவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

இப்படிச் சட்டென்று மறைந்துபோகாத கேம்களும் இருக்கின்றன. கார்களை வைத்துப் பந்தடிக்கும் ‘ராக்கெட் லீக்’ 2020 முதல் இலவசம். 2014-ல் வந்த ‘அசெட்டோ கோர்சா’, ரசிகர்கள் செய்து சேர்த்த கார்களாலும் பந்தயத் தடங்களாலும் இன்றும் ஓடுகிறது. பெரிய பெயரைத் தேடித் தேடிச் சலித்தவர்கள் இவற்றில் போய் உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை.

இரண்டு மணி நேரத்தை மெனுவில் கழிப்பது

ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்குக் குறைவாக இருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம். இது பலருக்குத் தெரியும். அந்த இரண்டு மணி நேரம் எங்கே போகிறது என்பதுதான் தெரிவதில்லை. தயாரிப்பாளரின் தனிச் செயலி திறந்து தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் நேரமும் அதில் சேரும். உங்கள் வீரருக்கு மூக்கும் தலைமுடியும் தேர்ந்தெடுக்கும் நேரமும் சேரும். கேரியர் பிரிவின் அறிமுகக் காட்சிகள் ஓடி முடிவதற்குள் ஒரு மணி நேரம் கரைந்துவிடும். எனவே முதல் முறை திறந்ததும் கேரியர் பக்கம் போகாதீர்கள். நேராக ஒரு தனி ஆட்டம் ஆடுங்கள். கன்ட்ரோலரை அது அறிகிறதா, படம் தடுமாறாமல் ஓடுகிறதா, மைதானம் நிறைந்த கூட்டத்தைக் காட்டும்போது வேகம் குறைகிறதா என்று பாருங்கள். பிறகு உங்களுக்கு வேண்டிய பிரிவு திறக்கிறதா, இணையத்தைத் துண்டித்தாலும் அது ஓடுகிறதா என்று சோதியுங்கள். பிடிக்கவில்லை என்றால் அன்றே கேமை மூடி, ஸ்டீமின் உதவிப் பக்கத்தில் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.