பெயர் ஒன்று, பீஸ் வேறு: பிசினஸ் லேப்டாப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லெனோவாவின் பிசினஸ் லேப்டாப்பான திங்க்பேட் டி480 வைத்திருக்கும் இரண்டு பேரிடம் விசாரித்தால் இரண்டு கதை கிடைக்கும். ஒருவர், "ஸ்கிரீன் ரொம்ப மங்கல், சூடு தாங்கவில்லை, வாங்கிவிடாதீர்கள்" என்பார். அடுத்தவர், "இத்தனை வருஷமாகப் போட்டு அடிக்கிறேன், ஒரு தொல்லையும் கொடுத்ததில்லை" என்பார். இரண்டுமே உண்மைதான். 2018 தொடக்கத்தில் வந்த இந்த மாடலைத் திரை, ப்ராசசர், ஹீட்சிங்க் (சிப்பின் சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகப் பாகம்), பேட்டரி என ஒவ்வொன்றையும் மாற்றிப் பல வகையாக லெனோவா விற்றது. மூடிமேல் இருக்கும் பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு.

நிறுவனங்கள் மொத்தமாக எடுத்து, மூன்று நான்கு வருடம் ஓட்டிவிட்டுக் கழிக்கும் இந்த லேப்டாப்கள்தான் சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் செகண்ட் ஹேண்டாகக் கிடைக்கின்றன. கல்லூரியில் சேரும் பிள்ளைக்கும் புதிதாகத் தொழில் தொடங்குபவருக்கும் இவை அருமையான பொருள். இருந்தும் வாங்கிய கொஞ்ச நாளிலேயே வருத்தப்படுகிறவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: மாடலின் நல்ல பெயரைக் கேட்டு வாங்கியிருப்பார்கள், கைக்கு வந்த அந்த ஒரு பீஸைச் சோதித்திருக்க மாட்டார்கள்.

திரையிலிருந்து ஆரம்பிப்போம். டி480-க்கு முக்கியமாக மூன்று பேனல்கள் (திரைத் தகடுகள்) உண்டு; டிஎன், ஐபிஎஸ் என்பவை அவற்றின் இரு தொழில்நுட்ப வகைகள். மலிவானது 1366×768 டிஎன் பேனல். நடுவில் 1920×1080 ஐபிஎஸ், அதற்கு மேல் 2560×1440 ஐபிஎஸ். டிஎன் பேனலை நேராகப் பார்த்தால் சரியாகத்தான் தெரியும். மூடியைக் கொஞ்சம் சாய்த்தால் நிறங்கள் வெளிறும், கீழிருந்து பார்த்தால் நெகட்டிவ் போலத் தலைகீழாகவே மாறிவிடும். கடையில் நின்றுகொண்டு ஒரே கோணத்தில் பார்த்து வாங்கினால் இது பிடிபடாது. ஒரு புகைப்படத்தைத் திறந்து, மூடியை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். பத்து வினாடி வேலை.

ஐபிஎஸ் என்றதும் எல்லாம் சரி என்று நினைப்பது அடுத்த தவறு. அந்த 1920×1080 பேனலின் வெளிச்சம் 250 நிட்ஸ்தான் (நிட்ஸ் என்பது திரை வெளிச்சத்தின் அளவு), நிற வீச்சு, அதாவது காட்டக்கூடிய நிறங்களின் பரப்பு, என்டிஎஸ்சி என்ற அளவுகோலில் 45 சதவீதம். கணக்கு எழுத, டைப் செய்ய, கோட் எழுத இது போதும். ஆனால் இதில் சிவப்பு சற்று ஆரஞ்சு பக்கம் சாயும். கல்யாண ஆல்பம் செய்பவர் இதில் நிறம் பார்த்து அச்சுக்கு அனுப்பினால் பட்டுப் புடவையின் நிறமே மாறி வரும். அந்த வேலைக்கு 72 சதவீதம் என்டிஎஸ்சி, அல்லது 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி (இன்னொரு நிற அளவுகோல்) என்று குறிப்பிட்ட பேனலைத் தேட வேண்டும். ஜன்னலோரம் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு 250 நிட்ஸ் பற்றாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே 2018-இல் வந்த லெனோவாவின் இன்னொரு திங்க்பேடான எக்ஸ்1 கார்பன் ஆறாம் தலைமுறையில் 300 நிட்ஸ் திரையும் உண்டு, 500 நிட்ஸ் எச்டிஆர் திரையும் உண்டு. "எக்ஸ்1 திரை எப்படி?" என்று பொதுவாகக் கேட்டால் சரியான பதில் வராது, எந்தப் பேனல் என்று கேட்க வேண்டும்.

பேனலை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று சிலர் முன்கூட்டியே திட்டம் போடுவார்கள். டிஎன்னிலிருந்து சாதாரண 1920×1080-க்கு மாறுவது எளிது. 2560×1440-க்குப் போனால் கேபிளும் வேறு, அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கண் வலி என்று சொல்பவர்களை அலட்சியம் செய்யாதீர்கள். சில பேனல்கள் வெளிச்சத்தைக் குறைப்பதற்காகப் பின்விளக்கை மிக வேகமாக அணைத்து அணைத்து எரியவிடும். எல்லோருக்கும் அது தெரியாது. சிலருக்கு ஒரு மணி நேரத்தில் தலை கனத்துவிடும். வெளிச்சத்தைக் கால் பங்குக்குக் குறைத்து, வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுங்கள். திரையில் கருப்புப் பட்டைகள் ஓடினால் அந்தப் பேனல் அந்த வகை. ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் வாங்கும் முன் கட்டாயம் செய்ய வேண்டிய சோதனை இது.

இன்னொரு பக்கம், பழுதே இல்லாததைப் பழுது என்று நினைத்து சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் நடக்கிறது. சார்ஜரைக் கழற்றினால் திரை தானாக மங்குகிறது, கருப்புப் பக்கம் திறந்தால் இன்னும் மங்குகிறது என்றால், அது பெரும்பாலும் இன்டெல் கிராஃபிக்ஸின் மின்சேமிப்பு வசதி. கிராஃபிக்ஸ் அமைப்புகளில் பேட்டரிப் பகுதிக்குப் போய் அதை அணைத்தால் தீர்ந்தது. இதற்காகத் திரையை மாற்றச் சொல்லும் கடைக்காரரை நம்பாதீர்கள்.

அடுத்தது சூடு. இதில்தான் பயமும் அலட்சியமும் இடம் மாறி நிற்கின்றன. வெப்பமானி மென்பொருளில் 90 டிகிரியைப் பார்த்துப் பதறுகிறார்கள். விசிறி எந்நேரமும் இரைவதைக் கண்டுகொள்ளாமல் விடுகிறார்கள். டி480-இல் பரவலாக வந்த ஐ5-8250யு ப்ராசசர் 15 வாட் வகை. வேலை திடீரென்று கூடும்போது சில வினாடிகளுக்கு அதைப்போல இரு மடங்குக்கு மேலேயே மின்சாரத்தை இழுக்கும், அப்போது வெப்பம் சட்டென்று ஏறும். 100 டிகிரி வரை தாங்கும்படி செய்யப்பட்ட சிப், அதற்கு முன்பே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரு நிமிடம் 90-ஐத் தொட்டு இறங்கினால் கவலை வேண்டாம். எந்த வேலையும் ஓடாதபோது விசிறி முழு வேகத்தில் சுற்றினாலோ, சின்ன வேலைக்கே கணினி நொண்டினாலோ அதுதான் நோய்.

கீழ் மூடியைக் கழற்றிப் பார்த்தால் காரணம் பளிச்சென்று தெரியும். விசிறி காற்றைக் கீழிருந்து இழுத்து இடது பக்கத் துளைகள் வழியே தள்ளுகிறது. அந்தத் துளைகளுக்குச் சற்று உள்ளே, செம்புக் குழாய் வந்து சேரும் இடத்தில் மெல்லிய உலோகத் தகடுகளின் வரிசை ஒன்று இருக்கும். விசிறிக்கும் அந்தத் தகடுகளுக்கும் நடுவே தூசியும் முடியும் நூலும் சேர்ந்து, கம்பளித் துண்டு போலக் கெட்டியாகப் படிந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் இது வராது, இன்னும் இறுகும். பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) போய் உள் பேட்டரியை முடக்கி, வெளிப் பேட்டரியைக் கழற்றி, மூடியைத் திறந்து, விசிறி சுற்றாமல் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு, அந்தப் படலத்தை மென்மையாக எடுக்க வேண்டும். கம்ப்ரசர் காற்றில் விசிறியைக் கண்டபடி சுழலவிட்டால் பேரிங் போய்விடும். பல வருடமான பீஸ் என்றால் சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே காய்ந்துபோன தெர்மல் பேஸ்டையும் அப்போதே மாற்றிவிடுங்கள். இந்த ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தாலே முக்கால்வாசி சூட்டுப் புகார் அடங்கிவிடும்.

அதற்கப்புறமும் சூடு குறையவில்லை என்றால் ஹீட்சிங்க்கைப் பாருங்கள். தனி கிராஃபிக்ஸ் சிப் வைத்து வந்த டி480-இல் ஹீட்சிங்க் பெரிது. அதை வாங்கிச் சாதாரண டி480-இல் பொருத்திப் பலனடைந்தவர்கள் நிறைய. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: டி480 காலத்துத் திங்க்பேட்கள் பலவற்றில் விண்டோஸ் அனுமதிக்கும் அளவுக்கு முன்பாகவே, 80 டிகிரியை ஒட்டியே, வேகம் குறைந்துவிடுவதுண்டு. அப்போது கணினி குளிர்ச்சியாகத்தான் இருக்கும், ஆனால் மெதுவாக ஓடும்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் வைக்க வேண்டும். லெனோவாவே இந்த லேப்டாப்புக்குச் சொல்லும் சூழல் வெப்பம் 5 முதல் 35 டிகிரி வரைதான். சென்னையில் மே மாதம் வெளியே 40-ஐத் தாண்டுகிறது. மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில் மெத்தைமேல் வைத்து, கீழ்த் துளைகளையும் அடைத்துவிட்டு, லேப்டாப்பைக் குறை சொல்வது நியாயமில்லை. பையில் வைக்கும்போது மூடியை மட்டும் மூடிவிட்டு ஜிப் போடுவதும் ஆபத்து. புதிய மாடல்களின் தூக்க நிலை முழுத் தூக்கமாக இருப்பதில்லை, பைக்குள்ளேயே விழித்துக்கொண்டு கொதிக்கும். பயணத்துக்கு முன் ஷட்டவுன் அல்லது ஹைபர்நேட் செய்துவிடுங்கள்.

இந்தச் சூடு முதலில் பதம் பார்ப்பது பேட்டரியை. நாள் முழுக்க சார்ஜரில் மாட்டி, 100 சதவீதத்திலேயே நிறுத்தி வைப்பது அதை மேலும் கெடுக்கும். லெனோவா வான்டேஜ் மென்பொருளில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருக்கிறது, போட்டுக்கொள்ளுங்கள். டச்பேட் மேலெழும்பி, கிளிக் செய்யக் கடினமானால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம். அதன் பிறகு ஒரு நாள்கூட சார்ஜ் போடக் கூடாது. தயாரிப்பிலேயே கோளாறு வருவதும் உண்டு: 2016 டிசம்பர் முதல் 2017 அக்டோபர் வரை தயாரான எக்ஸ்1 கார்பன் ஐந்தாம் தலைமுறையை, உள்ளே கழன்று கிடக்கும் ஒரு திருகு பேட்டரியைக் குத்தக்கூடும் என்று 2018 பிப்ரவரியில் லெனோவா திரும்ப அழைத்தது. அந்தத் தேதிக்குள் வரும் பழைய பீஸ் கிடைத்தால் சீரியல் நம்பரைச் சரிபார்க்காமல் வாங்காதீர்கள்.

நம்பகத்தன்மை விஷயத்தில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது டி480-இன் யுஎஸ்பி-சி போர்ட். இந்த மாடலுக்கு சார்ஜும் அந்த வழியாகத்தான். 2017 முதல் 2019 வரை வந்த பல திங்க்பேட்களில் தண்டர்போல்ட் (அந்த போர்ட்டின் அதிவேக இணைப்பு முறை) சிப்பில் பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் மென்பொருளின் கோளாறால் சி போர்ட் வேலை செய்யாமல் போனது. டாக் (மானிட்டர், கீபோர்டு போன்றவற்றை இணைக்கும் பெட்டி) மாட்டினால் தெரியாது, சார்ஜ் ஏறாது. லெனோவா இதற்கு மிக அவசரம் என்று குறிப்பிட்டு அப்டேட் வெளியிட்டது. அதைச் சும்மா போட்டிருந்தால் தப்பியிருக்க வேண்டிய எத்தனையோ லேப்டாப்களுக்கு மதர்போர்டு மாற்ற வேண்டி வந்தது. வாங்கிய அன்றே இந்த அப்டேட்டைப் போடுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். போர்ட் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால், கேபிளைச் சாய்த்து இழுக்காமல் நேராகப் பிடுங்குவதும் அவசியம்.

ராணுவத் தரச் சோதனை என்ற முத்திரையைப் பார்த்து மேசையிலிருந்து விழுந்தாலும் ஒன்றும் ஆகாது என்று நம்ப வேண்டாம். அது குறிப்பிட்ட சில சோதனைகளைக் கடந்ததற்கான அடையாளம். விழுந்து உடைந்தால் சாதாரண வாரண்டி உதவாது.

கடைசியாக, பணம் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டிய தடைகள். இன்டெல் ப்ராசசர் எட்டாம் தலைமுறையா, அதற்கும் புதியதா என்று பாருங்கள். விண்டோஸ் 10-இன் ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, ஏழாம் தலைமுறை ப்ராசசரோடு வந்த டி470 போன்றவை விண்டோஸ் 11-க்கு அதிகாரபூர்வமாகத் தகுதி பெறாது. பயாஸுக்குள் நுழைந்து, சூப்பர்வைசர் பாஸ்வேர்டு கேட்கிறதா என்று பாருங்கள். அதை மறந்துவிட்டால் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்பதுதான் லெனோவாவின் பதில். பிறகு கடைக்காரர் முன்னிலையிலேயே விண்டோஸை ரீசெட் செய்து, இன்டர்நெட்டில் இணைத்து, முதல் திரை என்ன கேட்கிறது என்று கவனியுங்கள். ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரைக் காட்டி அலுவலகக் கணக்கில் நுழையச் சொன்னால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்தப் பீஸை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்தப் பதிவை நீக்க அந்த நிறுவனத்தின் ஐடி பிரிவைத்தான் கேட்க வேண்டியிருக்கும்.