பைதானில் எடைக்கணக்கு: அந்த ஒரு கிராம் எங்கே போகிறது?

குமுளியில் ஏலக்காய்க் கடைகளுக்கு பில் போடும் சின்னச் சின்ன ஸ்கிரிப்ட் பைதான் என்ற நிரல்மொழியில் எழுதிக் கொடுக்கிறேன். இப்போது கம்பத்திலிருந்து இரண்டு பையன்கள் என்னிடம் வேலை பழக வருகிறார்கள். பல வருஷத்துக்கு முன்னால் நான் செய்த தப்பை, கிட்டத்தட்ட அதே வரியில், அவர்களும் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இன்புட்டில் வருவது எண் இல்லை, எழுத்துச்சரம் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன், அது முதல் வாரத்திலேயே தானாகப் புரிந்துவிடும்.

கிலோவை ஆயிரத்தால் பெருக்கி இன்ட் போடுவது

தராசு 1.005 கிலோ காட்டுகிறது. கிராமாக்க ஆயிரத்தால் பெருக்கினால் 1005 வருவதில்லை, 1004.9999999999999 வருகிறது. அதன்மேல் முழு எண்ணாக்கும் இன்ட் (int) போட்டால் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை அப்படியே வெட்டிவிட்டு 1004 என்று தரும். எர்ரர் வராது, அதனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

காய் கிலோ 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு கிராம் இரண்டரை ரூபாய். என் ஸ்கிரிப்ட் ஓடிய கடைக்கு வண்டன்மேட்டுப் பக்கத்திலிருந்து காய் கொண்டுவந்த ஒரு அண்ணன், பில்லைத் திருப்பி அதன் முதுகிலேயே பேனாவால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, தராசு சரியாத்தான் காட்டுது, பில்லுதான் குறைக்குது" என்றார். சத்தம் போடவில்லை. ஆனால் கடைக்காரர் முகம் சுருங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. எடையில் கை வைக்கிறார்கள் என்று பேர் வந்துவிட்டால் அப்புறம் அந்தக் கடைக்கு யார் காய் கொண்டுவருவார்கள்?

காரணம் இதுதான். மூன்றில் ஒரு பங்கை 0.333 என்று எவ்வளவு நீட்டினாலும் எழுதி முடிக்க முடியாது இல்லையா, அதேபோல 1.005-ஐ இரண்டடிமானத்தில், அதாவது 0, 1 மட்டும் வைத்து, எழுதி முடிக்க முடியாது. பைதான் புள்ளி எண்ணை வைத்திருக்கும் ஃப்ளோட் (float) வகைக்குக் கிடைப்பது 53 பிட், அதற்குள் அடங்கி நிற்பது 1.005-ஐவிட ஒரு துளி குறைவான எண். கணினியில் புள்ளி எண்களை வைப்பதற்காக 1985-இல் வந்த ஐட்ரிபிள்ஈ (IEEE) 754 தரத்தின் வழி இது, ஜாவாஸ்கிரிப்ட்டில் போட்டாலும் இதே விடைதான்.

"சரிண்ணே, டெசிமலுக்கு மாத்திட்டேன்" என்று ஒரு பையன் வந்தான். டெசிமல் (Decimal) என்பது எண்ணைப் பத்தடிமானத்திலேயே வைத்திருக்கும் பைதான் வகை. திறந்து பார்த்தால் டெசிமல்(1.005), மேற்கோள்குறி இல்லாமல்! எனக்கு இன்னமும் எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். ஏற்கெனவே குறைந்துபோன ஃப்ளோட்டை உள்ளே கொடுத்தால், டெசிமல் அந்தக் குறையையும் துல்லியமாகக் காப்பாற்றி வைத்துக்கொள்ளும். தராசிலிருந்து வரும் எழுத்தை ஃப்ளோட் பக்கமே விடாமல் டெசிமல்('1.005') என்று கொடுத்து, அப்புறம் ஆயிரத்தால் பெருக்குங்கள். 1005 வரும்.

ரவுண்ட்

2.5-ஐ ரவுண்ட் செய்தால் 2, 3.5-ஐச் செய்தால் 4. சரிபாதி வந்தால் பைதான் 3 இரட்டைப்படைப் பக்கம் சாயும். கடைக்காரர் அரையை மேலே ஏற்றச் சொன்னால் டெசிமலில் ரவுண்ட் ஹாஃப் அப் இருக்கிறது.

இரட்டைச் சாய்கோடு

வகுத்து முழு எண் தரும் // எப்போதும் கீழ்ப்பக்கம்தான் இறங்கும்: -7 // 2 என்றால் -4, -3 இல்லை. பாக்கிக் கணக்கில் இது கடிக்கும்.

ஃப்ளோட்டுகளுக்கு நடுவில் ==

இரண்டும் சமமா என்று == போட்டுப் பார்க்க வேண்டாம், மேலே சொன்ன அதே துளி வித்தியாசம் ஏமாற்றும்.